ஒரே பக்கத்தில் பன்னிரண்டு நெல் ரகங்கள்: ஒரு விதை நெல் தளம் தேடலில் மேலே வந்த விதம்

திருத்துறைப்பூண்டிக்கு அருகில் பாரம்பரிய நெல்லை விதைக்காகவே பயிரிடும் ஓர் உழவர் குடும்பத்துக்கு நான் அமைத்துக் கொடுத்த இணையதளம், இந்த ஆடிப் பட்டத்துக்குச் சற்று முன்னால், ‘காட்டுயானம் விதை நெல்’ என்று கூகுளில் தேடுவோருக்கு முதல் பக்கத்திலேயே தென்படத் தொடங்கியது. தொடக்கத்தில் அது ஒற்றைப் பக்கத் தளமாக இருந்தது. இப்போது ஆறு பக்கங்கள் கொண்டது. ஏறக்குறைய அதே காலத்தில் நாச்சியார்கோவில் குத்துவிளக்குப் பட்டறை ஒன்றுக்கு அமைத்த தளம் இன்றும் ஒற்றைப் பக்கமாகவே இருக்கிறது; தனக்குரிய தேடல்களில் நன்றாக மேலேயும் நிற்கிறது. ஒற்றைப் பக்கம் தேடுபொறியில் முன்னுக்கு வருமா என்று கேட்கும் சிறு வணிகர்கள் டெல்டாவில் நிறைய இருக்கிறார்கள். அவர்களுக்கும் இதே தொழிலில் இருப்பவர்களுக்கும் பயன்படட்டும் என்று இரண்டு தளங்களிலும் செய்த வேலையை வரிசையாக எழுதுகிறேன்.

நெல் தளத்தை ஒற்றைப் பக்கமாகத் தொடங்கியதற்குக் காரணம் அவர்கள் கையில் வைத்திருந்த துண்டறிக்கைதான். மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, பூங்கார், காட்டுயானம், தூயமல்லி, கிச்சிலிச் சம்பா, சீரகச் சம்பா, குள்ளக்கார் எனப் பன்னிரண்டு ரகங்களின் பெயரும் விலையும் தொலைபேசி எண்ணும் ஒரே தாளில் அச்சாகியிருந்தன. ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் முன்னின்று நடத்திய நெல் திருவிழாவில் இரண்டு கிலோ விதை வாங்கினால் மறு ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தரவேண்டும். அந்த முறையில் வாங்கிய விதையிலிருந்துதான் அவர்களும் தொடங்கியிருந்தார்கள். அந்தத் தாளையே இணையத்தில் ஏற்றித் தரும்படி கேட்டார்கள். ஒரே பக்கம், மேலே பட்டியல், ஒவ்வொரு பெயரையும் தொட்டால் அதே பக்கத்தின் உரிய பகுதிக்கு இறங்கும் இணைப்பு என்று திட்டமிட்டேன். டொமைனுக்கு ஆண்டுக்கு 800 ரூபாய் அளவில் ஆனது. வெறும் எச்டிஎம்எல், சிஎஸ்எஸ் கோப்புகள் என்பதால் கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் என்ற, தளங்களை இணையத்தில் வைத்துத் தரும் சேவையில் இலவசமாகவே ஏற்ற முடிந்தது.

முதல் சிக்கல் எழுத்துரு. அச்சகத்திலிருந்து வந்த கோப்பு பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. பாமினியில் திரையில் தெரிவது தமிழ். கோப்புக்குள் இருப்பதோ ஆங்கில எழுத்துகளும் குறிகளும். அதை அப்படியே பக்கத்தில் ஒட்டி, பாமினி எழுத்துருவையும் இணைத்துவிட்டால் பார்ப்பவருக்குச் சரியாகத் தெரியும். ஆனால் தேடுபொறி அதில் ஒரு தமிழ்ச் சொல்லைக்கூடப் படிக்காது. மாற்றி நிரலைக் கொண்டு, தமிழைத் தமிழாகவே பதியும் ஒருங்குறிக்கு (யூனிகோடு) மாற்றினேன். மாற்றியபின் கொம்பும் காலும் இடம் மாறிய சொற்களைக் கண்ணால் பார்த்துத் திருத்த ஒரு மாலைப்பொழுது முழுவதும் பிடித்தது. விலைப்பட்டியலைப் படமாகவே போட்டுவிடலாம் என்று அவர்கள் சொன்னபோது மறுத்து, அதையும் எழுத்தாகவே அடித்தேன். கோயில் விழா அழைப்பிதழ் போல எல்லாவற்றையும் ஒரு படத்துக்குள் அடைத்துவிடும் வழக்கம் நம் பக்கத்துத் தளங்களில் மிகுதி. ஒற்றைப் பக்கமா, பல பக்கமா என்று யோசிப்பதற்கு முன்பே களைய வேண்டிய குறை அது.

படங்களுக்கு நெல்மணிகளைக் கறுப்புத் துணியில் பரப்பி, வீட்டுத் திண்ணையின் நிழலில் கைப்பேசியிலேயே எடுத்தோம். ஒவ்வொன்றும் நான்கு மெகாபைட் அளவில் இருந்தது. அகலத்தை 1200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்துக்கு மாற்றியபின் ஒரு படம் 80 கிலோபைட்டுக்குள் அடங்கியது. பன்னிரண்டு படங்களையும் பக்கம் திறந்தவுடனே இறக்கத் தேவையில்லை என்பதால், முதல் படத்தைத் தவிர மற்றவற்றுக்கு ‘பார்வைக்கு வரும்போது இறக்கு’ என்ற பண்பைச் சேர்த்தேன். தமிழ் எழுத்துருவைத் தனியாக இறக்குவதையும் விட்டுவிட்டேன். ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது. பக்கத்தின் மிகப் பெரிய உறுப்பு திரையில் தோன்ற 2.5 வினாடிக்குள் ஆக வேண்டும் என்பது கூகுளின் அளவுகோல். முதல் சோதனையில் ஆறு வினாடியைத் தாண்டியது, இந்த வேலைகளுக்குப் பிறகு இரண்டு வினாடியை ஒட்டி வந்தது. கூகுள் இப்போது பக்கங்களைக் கைப்பேசி வடிவிலேயே படித்துப் பட்டியலிடுகிறது. அந்த மாற்றம் முழுமையடைந்ததாக அது அறிவித்தது 2023 அக்டோபரில். ஆகவே சோதனை முழுவதையும் மேசைக் கணினியை விட்டுவிட்டு, முத்துப்பேட்டைச் சாலையில் சிக்னல் குறைந்த இடத்தில் கைப்பேசியிலேயே செய்தேன்.

கூகுள் தேடலில் ஒரு தளம் எப்படித் தென்படுகிறது என்பதைக் காட்டும் சர்ச் கன்சோலில் தளத்தைச் சேர்த்து, டொமைனின் டிஎன்எஸ் பதிவில் ஒரு வரியைப் போட்டு உரிமையை உறுதிசெய்து, பக்கத்தைப் பட்டியலிடக் கோரினேன். இது இலவசக் கருவி. இதில்லாமல் தேடல் வேலையில் இறங்குவது ஆழம் பார்க்காமல் ஆற்றில் இறங்குவதைப் போன்றது. சில வாரங்களில் நிலவரம் தெரிந்தது. பண்ணையின் பெயரைத் தேடினால் தளம் முதலாவதாக வந்தது. ஊர்ப்பெயருடன் ‘விதை நெல்’ என்று தேடினாலும் முதல் பக்கத்தில் வந்தது. ஆனால் ரகத்தின் பெயரைத் தனியாக இட்டுத் தேடினால், பன்னிரண்டில் ஒன்றுகூட எட்டும் இடத்தில் இல்லை.

காரணம் பக்கத்தின் நீளம் என்றுதான் பலரும் சொல்வார்கள். நீளம் தடையாக இருந்ததாக எனக்குத் தெரியவில்லை. தேடுபொறி வரிசைப்படுத்துவது ஒரு முகவரியை. முகவரியில் ஹாஷ் குறிக்குப் (#) பின்னால் வரும் பகுதியைக் கூகுள் பொதுவாகக் கணக்கில் கொள்வதில்லை. ஆகவே பன்னிரண்டு பகுதிகளும் அதற்கு ஒரே பக்கம்தான். ஒரு பக்கத்துக்கு ஒரே தலைப்பு, ஒரே விவரக் குறிப்பு. காட்டுயானத்தைப் பற்றி மட்டுமே பேசும் பக்கத்தோடு, அதைப் பன்னிரண்டில் ஒன்றாகச் சொல்லும் பக்கம் போட்டியிட வேண்டியிருந்தது.

இந்த இடத்தில் இரண்டு தவறான பாதைகளில் போய்த் திரும்பினேன். முதலாவது, பன்னிரண்டு பெயர்களையும் தலைப்பிலேயே அடுக்கியது. தேடல் முடிவில் அந்தத் தலைப்பு வரவே இல்லை. பொருந்தாத தலைப்பு என்று தோன்றினால் பக்கத்தின் உள்ளே உள்ள பெரிய தலைப்பு வரியைக் கூகுள் எடுத்துக் காட்டும் வழக்கம் 2021 ஆகஸ்டு முதல் கூடியிருக்கிறது. எங்கள் பக்கத்துக்கும் அதுவே நடந்தது. இரண்டாவது பாதை இதைவிடக் கெட்டது. ரகத்தின் பெயரைத் தொட்டால் ஜாவாஸ்கிரிப்ட் மூலம் அந்த ரகத்தின் விவரம் மட்டும் வந்து நிற்கும்படி மாற்றினேன். பார்ப்பவருக்கு அழகாக இருந்தது. சர்ச் கன்சோலில் கூகுள் வரைந்து பார்த்த எச்டிஎம்எல்லைத் திறந்தபோது, விவரங்கள் இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது. கூகுளின் ஊர்வி, அதாவது பக்கங்களைப் படித்துச் செல்லும் நிரல், ஜாவாஸ்கிரிப்டை இயக்கும். ஆனால் பொத்தானைத் தொடாது. தொட்டால் மட்டும் வந்து சேரும் எழுத்து அதற்கு இல்லாத எழுத்தே. மடித்து வைத்த பகுதிக்குள் இருந்தாலும், முதலிலேயே எச்டிஎம்எல்லில் இருந்துவிட்டால் அது படித்துக்கொள்ளும். இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. ஹாஷ் குறியோடு ஆச்சரியக்குறியைச் சேர்த்து முகவரி அமைக்கச் சொல்லும் பழைய வழிகாட்டுக் குறிப்புகளும் தேடலில் கிடைக்கும். கூகுள் 2009இல் முன்வைத்த முறை அது, 2015இலேயே கைவிட்டுவிட்டது. அதில் நேரத்தைச் செலவிட வேண்டாம்.

இரண்டையும் நீக்கி, பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகுதான் விளக்குப் பட்டறையின் தளத்தை இதனோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். அதுவும் ஒரே பக்கம், நீளமும் குறைவில்லை. அடிப்பாகம், தண்டு, அகல், உச்சியில் அன்னம் எனப் பகுதி பகுதியாக வார்த்துக் கடைந்து திருகிப் பொருத்தும் முறை, அங்குலக் கணக்கில் உயரம், பித்தளை எடை, அனுப்பும் செலவு எல்லாம் அதே பக்கத்தில் இருக்கின்றன. ஆனால் வருகிறவர்களின் தேடல் சொற்களைப் பார்த்தால், ‘நாச்சியார்கோவில் குத்துவிளக்கு’, ‘அன்னம் விளக்கு’, ‘குத்துவிளக்கு மூன்றடி விலை’ என்று எல்லாம் ஒரே தேவையைச் சுற்றியே நிற்கின்றன. விளக்கு வாங்க நினைப்பவருக்கு வேண்டியது அனைத்தும் ஒரே இடத்தில் இருப்பது அந்தத் தளத்துக்கு வலிமை. அத்துடன் கூகுள் வணிகச் சுயவிவரத்தில் பட்டறை பதிவாகியிருக்கிறது. வாங்கியவர்கள் அங்கே கருத்துகள் எழுதியிருக்கிறார்கள். கும்பகோணத்தைச் சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கான சில தளங்கள் பட்டறையின் முகவரிக்கு இணைப்புக் கொடுத்திருக்கின்றன. லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998இல் வெளியிட்ட, இணைப்புகளைக் கொண்டு பக்கங்களை மதிப்பிடும் பேஜ்ரேங்க் முறை தொடங்கிய நாளிலிருந்தே வெளி இணைப்புகளுக்கு மதிப்பு உண்டு. தளத்தில் ஒரே பக்கம் என்றால் வந்த இணைப்புகள் எல்லாம் சிதறாமல் அந்த முகவரிக்கே சேரும்.

விளக்கு வாங்குபவருக்கு ஒரே கேள்விதான். நெல்லைத் தேடுபவர்களோ பன்னிரண்டு வெவ்வேறு கேள்விகளோடு வருகிறார்கள். இது விளங்கியபின், எல்லா ரகத்துக்கும் பக்கம் தேவையா என்ற கேள்வி எழுந்தது. சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் தேடல் சொற்களை வடிகட்ட முடியும். ‘காட்டுயானம்’ என்று முழுச்சொல்லைக் கொடுக்காமல் ‘யானம்’ என்று மட்டும் கொடுத்தேன். சேர்த்து எழுதியவர்களும் பிரித்து எழுதியவர்களும் அகப்பட்டார்கள். ஆங்கில எழுத்தில் தமிழை அடிப்பவர்களை வேறொரு வடிகட்டியில் பிடித்தேன். எண்ணிக்கையில் அவர்களே கூடுதல். ‘கவுனி’, ‘கவுணி’, ‘கருப்புக்கவுனி’, ‘கறுப்பு கவுனி’ என்று ஒரே நெல்லுக்கு வழங்கும் எழுத்துகளையும் தனித்தனியாகப் பார்த்தேன். மிகக் குறைவாகத் தேடப்படும் சொற்களைத் தனியுரிமை கருதி அந்த அறிக்கை காட்டுவதில்லை. தமிழ்த் தேடல்களில் இந்த மறைவு பெரிய பங்கு. ஆகவே அறிக்கையை மட்டும் நம்பாமல், வீட்டுக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் எந்த ரகத்தைக் கேட்கிறார்கள் என்று அவர்களின் மகனை ஒரு நோட்டில் குறித்துவரச் சொன்னேன். அந்த நோட்டு இந்த வேலை முழுவதிலும் எனக்குக் கிடைத்த சிறந்த கருவி.

அறிக்கையும் நோட்டும் ஒத்துப்போன ஐந்து ரகங்களுக்குத் தனிப்பக்கம் என்று முடிவுசெய்தேன்: காட்டுயானம், மாப்பிள்ளைச் சம்பா, கருப்புக் கவுனி, தூயமல்லி, சீரகச் சம்பா. மற்ற ஏழும் தளத்தின் முதல் பக்கத்திலேயே இருந்துவிட்டன. தேடுவார் இல்லாத ரகத்துக்கு நான்கு வரியில் ஒரு பக்கம் திறந்துவைப்பதால் ஒரு பயனும் இல்லை.

பக்கத்துக்கு என்ன எழுதுவது என்பதில்தான் உழைப்பு அதிகம். வேறு தளங்களில் உள்ள மருத்துவக் குணங்களை எடுத்து எழுத எனக்கு விருப்பமில்லை. நோட்டில் இருந்த கேள்விகளையே துணைத்தலைப்புகளாக்கினேன். ‘தண்ணி நிக்கிற வயலுக்கு ஆகுமா?’, ‘சாஞ்சிடுமா?’, ‘வைக்கோல் எவ்வளவு வரும்?’, ‘ஏக்கருக்கு எத்தனை கிலோ விதை வேணும்?’ என்று கேட்டவர்களுக்கு வீட்டுப் பெரியவர் சொன்ன பதில்களைக் கைப்பேசியில் பதிவுசெய்து, எழுத்துத் தமிழில் மாற்றி, அவரிடமே படித்துக்காட்டித் திருத்தினேன். காட்டுயானம் ஏறக்குறைய 180 நாள் பயிர் என்பதையும், ஏழடி வரை உயரும் என்பதையும், பள்ளமான வயலில் தண்ணீர் தேங்கினாலும் தாங்கும் என்பதையும் எங்கும் படிக்கலாம். தன் வயலில் எந்த வாரத்தில் விதைத்தால் அறுவடை தை மாதத்துக்குச் சரியாக வந்து சேர்கிறது என்பதை அவர் ஒருவர்தான் சொல்ல முடியும். அத்தகைய வரிகள்தாம் பக்கத்தைத் தனித்து நிறுத்துகின்றன என்று உறுதியாக நம்புகிறேன். ஒவ்வொரு பக்கமும் 500 முதல் 700 சொற்களுக்குள் முடிந்தது. தலைப்பில் ஒரு பெயர்வடிவத்தையும் உள்ளே இயல்பாக மற்ற வடிவங்களையும் வைத்தேன்.

பிரிக்கும்போது எதிர்கொண்ட முக்கியமான தொழில்நுட்பச் சிக்கல் பழைய இணைப்புகள். ஹாஷ் குறியுள்ள இணைப்புகள் வாட்ஸ்அப் குழுக்களில் ஏற்கெனவே பரவியிருந்தன. பக்கம் இடம் மாறினால் 301 திசைமாற்றம் (பழைய முகவரிக்கு வருபவரைப் புதியதற்கு அனுப்பும் ஏற்பாடு) போடுவது வழக்கம். ஆனால் ஹாஷ் குறிக்குப் பின்னால் உள்ளதை உலாவி, தளம் இருக்கும் வழங்கிக்கு (சர்வர்) அனுப்புவதே இல்லை. வழங்கியிடம் சேராத ஒன்றை அதனால் திசைமாற்ற இயலாது. ஜாவாஸ்கிரிப்டில் ஹாஷைப் படித்துப் புதிய பக்கத்துக்கு அனுப்பலாம். அதைச் செய்யாமல், முதல் பக்கத்தில் ஐந்து ரகங்களின் பகுதிகளையும் பழைய அடையாளப் பெயரோடு (ஹாஷ் குறிக்குப் பின்னால் வரும் பெயர்) இரண்டு மூன்று வரிகளாகச் சுருக்கி வைத்து, கீழே புதிய பக்கத்துக்கு இணைப்புக் கொடுத்தேன். பழைய இணைப்பைத் தொடுபவர் வெறும் இடத்தில் இறங்க மாட்டார். முழு எழுத்தும் இரண்டு இடத்தில் இருக்கும் குழப்பமும் இல்லை. இணைப்பின் மேல் ‘மேலும் படிக்க’ என்று எழுதாமல் ‘காட்டுயானம் விதை நெல்: பட்டம், உயரம், விலை’ என்று எழுதினேன். ஆறு பக்கத் தளத்துக்குத் தளவரைபடக் கோப்பு (தேடுபொறிக்கான பக்கப் பட்டியல்) கட்டாயமில்லை; பக்கங்கள் ஒன்றோடொன்று சரியாக இணைந்திருந்தால், ஏறக்குறைய 500 பக்கங்கள் வரை அது இல்லாமலும் கூகுள் கண்டுகொள்ளும். ஆனாலும் எளிய வேலை என்பதால் ஒன்று வைத்தேன்.

பலன் எல்லாப் பக்கத்துக்கும் ஒன்றாக இல்லை. காட்டுயானமும் மாப்பிள்ளைச் சம்பாவும் ‘விதை’ என்ற சொல்லோடு தேடுபவர்களுக்குத் தேடல் முடிவின் முதல் பக்கத்துக்கு வந்தன. தூயமல்லி மெல்ல ஏறிக்கொண்டிருக்கிறது. கருப்புக் கவுனி அசையவில்லை. அந்தப் பெயரைத் தேடுபவர்களில் பெரும்பாலோர் சமைக்க அரிசி தேடுகிறார்கள். முடிவுகளில் பெரிய விற்பனைத் தளங்களும் உடல்நலக் கட்டுரைகளும் நிறைந்திருக்கின்றன. விதை விற்கும் பக்கம் அங்கே மேலே வராதது நியாயமே. அதற்காக அந்தப் பக்கத்தை அரிசிப் பக்கமாக மாற்றப்போவதில்லை. சீரகச் சம்பாவின் கதையும் பெரும்பாலும் இதுதான், பிரியாணிக்குத் தேடுபவர்கள் மிகுதி.

பிரிப்பதற்கு முன்னாலும் ஒற்றைப் பக்கம் சில நுணுக்கமான கேள்விகளுக்கு மேலே வந்திருந்ததை இங்கே சொல்லியாக வேண்டும். ‘காட்டுயானம் எத்தனை நாள் பயிர்’ என்ற தேடலில் அந்த நீண்ட பக்கம் கண்ணில் படும் இடத்தில் இருந்தது. நீண்ட பக்கத்தின் ஒரு பத்தியைத் தனியே மதிப்பிட்டு வரிசைப்படுத்தும் முறையைக் கூகுள் 2020இல் அறிவித்து, 2021 பிப்ரவரியில் அமெரிக்க ஆங்கிலத் தேடலில் தொடங்கியது. எங்கள் பக்கத்துக்கு உதவியது அதுவா, அந்தக் கேள்விக்குத் தமிழில் வேறு பக்கங்கள் குறைவாக இருந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. போட்டி குறைந்த கேள்விக்கு ஒற்றைப் பக்கத்தின் ஒரு பத்தியே போதும் என்பது மட்டும் கண்கூடு. தமிழில் அத்தகைய கேள்விகள் இன்னும் நிறைய இருக்கின்றன.

சர்ச் கன்சோல் காட்டும் சராசரி இடத்தைப் பார்த்து யாரும் அவசரப்பட வேண்டாம். புதிய பக்கங்கள் புதிய சொற்களுக்குக் கீழ்வரிசையில் தோன்றத் தொடங்கியதால், தளம் முழுவதற்குமான சராசரி முதலில் கீழே போனது. தேடல் சொல் வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் உண்மை நிலை தெரிந்தது. நெல்லுக்குப் பருவமும் உண்டு. கோடையின் கடைசியில் நெல் திருவிழாப் பேச்சும், ஜூன் 12இல் மேட்டூர் அணை திறக்குமா என்ற பேச்சும் எழும்போது தேடல் ஏறுகிறது; சம்பா நடவு முடிந்தால் விழுகிறது. ஆகவே போன மாதத்தோடு ஒப்பிடுவதைவிட, போன ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிடுவதே சரி. அந்த அறிக்கை 16 மாதத் தரவை வைத்திருப்பது இதற்குப் போதுமானது.

அடுத்த முறை இத்தகைய தளத்தைத் தொடங்கும்போதும் ஒற்றைப் பக்கமாகவே தொடங்குவேன். செலவு குறைவு, எதைப் பிரிக்க வேண்டும் என்பதை வருகிறவர்களின் தேடலே காட்டிவிடும். ஆனால் அந்தத் தொலைபேசி நோட்டைத் தளம் ஏறும் நாளிலிருந்தே வைக்கச் சொல்வேன். பகுதிகளின் அடையாளப் பெயர்களைப் பின்னாளில் பக்க முகவரியாக மாறக்கூடிய வடிவிலேயே இடுவேன். வாட்ஸ்அப்பில் பகிரும்போது முழுப் பக்க முகவரியை மட்டும் பகிரச் சொல்வேன். விளக்குப் பட்டறைக்குத் தொழில்முறைப் புகைப்படக்காரருக்கு 3,500 ரூபாய் கொடுத்தோம். பித்தளையின் பளபளப்பைக் கைப்பேசியில் எடுக்க முடியாததால் அது தேவைப்பட்டது. நெல்லுக்குத் தேவைப்படவில்லை, இனியும் தேவைப்படாது.

நோட்டில் இந்தப் பருவத்தில் பூங்காரைக் கேட்டவர்கள் கூடியிருக்கிறார்கள். அறிக்கையில் அந்தப் பெயர் இன்னும் பெரிதாக எழவில்லை. பெரியவரிடம் பூங்கார் பற்றிய பதிவை எடுத்து வைத்துவிட்டேன். அடுத்த குறுவைக்கு முன்னால் ஏழாவது பக்கமாக ஏற்றிப் பார்க்கிறோம்.